சாக்பீஸ் வட்டம்

விருத்தாசலம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு அகல்யா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி, குவைத் திரும்பும் மங்கலம்பேட்டை பாயிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மணிபாரதியைப் பற்றித்தான். நர்சரியில் சேர்ந்த பிறகு பாப்பா ஆளே மாறிவிட்டாள். முன்பெல்லாம் சூளையில் சுடுவதற்காக வாசலில் காயவைத்த மண் பொம்மைகளுக்கு நடுவே ஓடி, பலகையோடு தள்ளிவிட்டு, அத்தையிடம் திட்டு வாங்காத நாளே இல்லை. இப்போது யாரும் சொல்லாமலே சுவரோரம் போய்க் கைகட்டி உட்கார்ந்துகொள்கிறாள். ஒன்றுக்குப் போகக்கூட என் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். பிள்ளைக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று அத்தைக்குப் பூரிப்பு. நாலு வயசில் தானாக வருகிற ஒழுக்கமா இது?

மிஸ் அடிக்கிறார்களோ என்று குளிப்பாட்டும்போது உடம்பெல்லாம் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. அத்தை மிரட்டி வைத்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் கோபப்படாதீர்கள்.

வியாழக்கிழமை திடீரென்று போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் வெளியே சறுக்குமரத்தில் ஒரே கூச்சல். நம் பாப்பா மட்டும் உள்ளே, தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானுமதி மிஸ்ஸைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்.

“உங்க வூட்டுக்காரருதாங்க போன் பண்ணி சொன்னாரு. பொம்மையெல்லாம் ஒடைக்குறா, ஆட வுடாதீங்க, ஒரே எடத்துல உக்கார வச்சிப் பழக்குங்கன்னாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும் என்று பொய் சொன்னேன். உங்களிடம் யார் புகார் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? இன்னும் யார் யாரிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ என்றுதான் இப்போது மனசு அலைபாய்கிறது. மிஸ்ஸுக்கே இதில் விருப்பமில்லையாம். சறுக்குமரத்தில் தன் முறை வரும்வரை நிற்கிற பிள்ளை தானாக அடங்கக் கற்றுக்கொள்ளும், உட்கார வைத்தால் பயப்படத்தான் கற்றுக்கொள்ளும் என்றார்.

அன்றைக்கே விளையாட விடச் சொல்லிவிட்டேன். மிஸ் கையைப் பிடித்து இழுத்தும் பாப்பா வட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. “அப்பா திட்டும்” என்கிறாள். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

கடிதம் கிடைத்த அன்றே அவளை வீடியோவில் கூப்பிட்டு, ஓடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் மாமா. பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது, அப்பாவிடம் ஓடி வரலாமா என்று அவள் என் முகத்தைப் பார்த்து நின்றால் என்னால் தாங்க முடியாது.

உங்கள்
அகல்யா