நாற்பது கோட்டு, நாற்பத்தொரு சீல்

9 நவம்பர் 2003, ஞாயிறு. பதுளை

விடிந்ததிலிருந்து மழை. கடைக்குள் இரண்டு இடத்தில் ஒழுக்கு. ஒன்றுக்குக் கீழே வாளி, மற்றதற்குக் கீழே நான்.

சினிமா சீல் முடிந்தது. வட்டம், நடுவில் கழுகு. கழுகு கொஞ்சம் கோழி மாதிரி. முப்பது வருடம் காகிதமும் ரப்பர் சீலும் விற்றும் எனக்குப் பறவை மட்டும் வரவில்லை.

கதை (மறந்துவிடும், எழுதி வைக்கிறேன்): இரண்டாம் உலக யுத்த காலம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர். நாஜிகளிடமிருந்து தப்பிக்க யூதர்களுக்கு வழியில்லை. அங்கே ஒரு தூதர். கொடுக்காதே என்று சொந்த அரசாங்கமே தந்தி அடித்தும் கேளாமல், வாசலில் நிற்கிற எல்லோருக்கும் விசா சீல் குத்திக்கொடுக்கிறார். பதினைந்து நிமிடப் படம். எடுப்பது கொழும்பு நிர்மலா (டைரக்டர், இனி டை.). முப்பத்தைந்து வயது, தேநீரில் சீனி போடாத ஆள். ஐரோப்பா போக வசதியில்லை. தெமோதரைக்கு மேலே பூட்டிக் கிடக்கும் துரை பங்களாவும் பனிமூட்டமும் இலவசம். அகதிகளாக நிற்கத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்.

"மூஞ்சி வேணாம் அண்ணே, முதுகு போதும். கோட்டு போட்ட முதுகுக்கு ஏது நாடு?" என்றார் டை.

தூதராக நடிப்பவர் பண்டாரவளையிலிருந்து ஒரு பறங்கிக் கனவான். அருமையான மூக்கு. ஆனால் சீல் குத்தினால் ஒவ்வொன்றும் பாதி நிலா. ஆகவே கிட்டத்தில் காட்டும்போது கை என்னுடையது. பவுடர் பூசிய வெள்ளைக் கை.

மனைவி மங்களத்திடம் பெருமையாகச் சொன்னேன். "கை மட்டுந்தான் நடிக்குதா? அப்ப மிச்ச ஒடம்பு வந்து அரிசி மூட்டைய எறக்கட்டும்" என்றாள்.

வாங்க: ஊதா மை, முகப் பவுடர் (கைக்கு), எலிப்பொறி.

10, திங்கள்

பனி. நடிகனின் கையே அவனுக்குத் தெரியவில்லை.

பதுளை நடைபாதையில் பொறுக்கிய பழைய கோட்டு நாற்பது. எனவே ஆளும் நாற்பது. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் வாசிப்பது போலவே கங்காணி பெயர் வாசித்து, ஆளுக்கொரு கோட்டு.

எப்படி நிற்க வேண்டுமென்று டை. வாயெடுக்கு முன்பே வரிசை நின்றுவிட்டது. ஒருவருக்குப் பின் ஒருவர், ஒரு முழ இடைவெளி. இருமல் இல்லை, செருமல் இல்லை. சற்று முன் என் தொப்பையைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்.

"இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" டை. ரகசியமாக.

"இதுக்கெல்லாம் ஒத்திகையாம்மா?" என்றார் கங்காணி. "எங்கப்பன் காலத்துலருந்து நிக்கிறோம்."

கேமரா ஓட்டம். காகிதம் வரும், குத்துவேன், போகும். நிமிர்ந்தால் என் மண்டை படத்தில் விழும், ஆகவே குனிந்த தலை. நடுவில் ஒரு தாள், தொட்டதும் விரல் சொல்லிவிட்டது. டை. கொடுத்தவை புதுத் தாள். இது மடித்து மடித்துத் துணியாகிப் போனது. நிஜப் பத்திரம். நிறுத்தியிருக்கலாம். ஆனால் பனி கலைந்துவிடும், கை வேறு பிரமாதமாக நடித்துக்கொண்டிருக்கிறது.

குத்திவிட்டேன். முழு வட்டம். கோழி சகிதம்.

அதற்கடுத்த தாள் ஈரம். உப்பு வாடை. மலை உச்சியில், கருவாட்டு லொறி கடந்தது மாதிரி.

குத்து எண்ணுவது எனக்கு வியாதி. மொத்தம் நாற்பத்தொன்று. யாரும் இரண்டு தரம் வந்தார்களா?

கங்காணி: "நான் வாசல்லதானே நின்னேன். போனவங்க யாரும் திரும்பல."

11, செவ்வாய்

மூன்று தரம் சோப்பு. வலது கை இன்னும் வெளுப்பு.

பத்து மணிக்குக் கடைக்கு ஒரு கிழவி. மாரியாயி. கொழுந்து கிள்ளி ஓய்ந்தவள், நேற்றைய வரிசையில் நின்றவள். பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு தாள் எடுத்து விரித்தாள். அவளுடைய பிறப்புப் பத்திரம். எழுத்துக்களின் மேல் என் கோழி.

"ஐயா, இது நெசமான சீல் இல்லையாமே?"

"இத யாரு அங்க கொண்டாரச் சொன்னா?"

"மேச இருக்கு, தொர இருக்கு, சீல் இருக்கு. வெத்துத் தாளோடவா போய் நிப்பாங்க?"

புதுச் சட்டம் வந்திருக்கிறது. நாடில்லாமல் கிடந்த தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை. வெள்ளிக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார். இங்கேதான் பிறந்தாள் என்பதற்கு மாரியாயியிடம் இந்த ஒரு தாள்தான். ஆபீஸ் பதிவேட்டைக் கரையான் தின்று பல காலம்.

"சாகறதுக்குள்ள ஒருக்கா ஓட்டுப் போட்டு, வெரல்ல மை வச்சுக்கணும்னு ஆச. ஒங்ககிட்ட மை நெறைய இருக்கு போல."

வேறொரு தாளில் குத்தி, அழித்துப் பார்த்தேன். பிளேடு, தேசிக்காய்ச் சாறு, சலவைத்தூள். தாள் கிழிந்தது, கோழி அசையவில்லை. 'அழியாத மை' என்று கடைப் பலகையில் எழுதியிருக்கிறேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே உண்மையான விளம்பரம்.

12, புதன்

எலி பொறியைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது.

பகலில் பங்களாவில், எடுத்ததைச் சின்னத் தொலைக்காட்சியில் போட்டார்கள். மாரியாயியையும் கூட்டிப் போனேன். அந்தத் தாள் உள்ள இடத்தை டை.யிடம் காட்டி, சினிமாவுக்காகக் குத்தியது என்று ஒரு கடிதமாவது வாங்கலாமென்று.

மாரியாயியின் முதுகு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு முதுகு. கோட்டு இல்லை. சேலை. ஈரம் சொட்டும் கொண்டை.

"கோட்டுப் போடாம யாரிது? ஷாட்டே போச்சு!" டை.

கங்காணிக்கு ஆளைத் தெரியவில்லை. மாரியாயி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கக்கா. பாக்கியம்."

பாக்கியம் எழுபதுகளில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். தெமோதரையில் ரயில், தலைமன்னாரில் கப்பல். அத்தோடு சரி, கரை சேர்ந்தாளா என்றே தெரியாது, ஒரு வரி கடிதம் இல்லை.

"அப்ப பாஸ்போட்டு வரிசையில அவளுக்குப் பின்னால நான் நின்னேன். அவளுக்குக் குத்துனாங்க, எனக்குக் குத்தல. இப்ப எனக்குப் பின்னால நிக்கிறா."

"முதுக வச்சு எப்படிம்மா சொல்ற?" நான்.

"ஸ்டேசன்ல கடசியா பாத்தது முதுகத்தானுங்களே."

டை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். கடிதம் கேட்க மறந்து வந்துவிட்டேன்.

14, வெள்ளி

மழை. பள்ளிக்கூட மண்டபம். மாரியாயி வரிசையில் கடைசி ஆள். பக்கத்தில் குற்றவாளியாக நான். பின்னால் யாருமில்லை, நான்கு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அதிகாரி யாழ்ப்பாணத்து மனிதர், தடித்த கண்ணாடி. தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"உது என்ன சீல்? கோழியோ?"

"கழுகுங்க ஐயா. நான்தான் குத்தினேன். சினிமாவுக்கு." எல்லாம் சொன்னேன், தொலைக்காட்சியில் பார்த்ததைத் தவிர.

"கள்ளச் சீல் எண்டு உம்மை உள்ளுக்குப் போடலாம், தெரியுமோ?"

அதிகாரி மாரியாயி பக்கம் திரும்பினார்.

"பழுதான பத்திரம், அம்மா. சட்டப்படி ஏற்கேலாது."

மாரியாயி அழவில்லை, கெஞ்சவில்லை. அன்று நின்ற மாதிரியே நின்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு தன் சீலை எடுத்து, வாயால் ஊதி, என் கோழியின் மேல் சரியாக வைத்து ஒரு குத்து. தொழில் தெரிந்த கை. கோழி காணாமல் போயிற்று.

"நான் ஒரு பறவையையும் காணேல்லை. பெருவிரலை வையுங்கோ."

மாரியாயி மை பட்ட விரலைத் தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள் என்றே நினைக்கிறேன்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்கு அப்பால் கை நீட்டினார்.

"ம், பின்னால நிக்கிறவ வாங்கோ. ஏன் இப்பிடி நனைஞ்சு போய் நிக்கிறியள்?"

பின்னால் வெறும் சிமெண்டுத் தரை. ஈரம். மழை ஈரமாக இருக்கலாம். உப்பு வாடை.

மாரியாயி திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்கு முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.