தைலமரத்துக்குத் தார் பூசிய மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை சிலிபின் சாலையோரத்தில் ஒரு தைலமரத்தின் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும். நான் அப்போது பீடோர் தீம்பாரில், நம் ரப்பர் தோட்டத்தில், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். குளிர்காய்ச்சல் என் தங்கச்சியைக் கொண்டுபோய், நீ கைக்குழந்தையோடு நின்ற வருஷம். நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் சதுப்பு, சதுப்பு நிறையக் கொசு. ஆஸ்திரேலியா மரம் இது, இதன் காற்று பட்டால் காய்ச்சல் அண்டாது என்று துரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கன்று கொடுத்தார். மற்றவர்கள் நட்டதோடு சரி, ஆடு மேய்ந்துவிட்டது. நீ மட்டும் மூங்கில் வேலி கட்டினாய். வேரில் தண்ணீர் நிற்காமல் மண்ணைக் கூட்டி மேடாக்கினாய். காற்றுக்குச் சாயாதிருக்கக் கம்பு நட்டு, பழைய வேட்டித் துணியால் கட்டி, தண்டு பருக்கப் பருக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாய்.

நான் சும்மா இருப்பேனா? "மரத்தப் பாத்தா காய்ச்சல் ஓடிருமாக்கும். கொயினாவக் குடி, கொசுவ அடி" என்று கேலி செய்தேன்.

"சும்மா இரு லா. எனக்கு இருக்கிறது ஒரே புள்ள" என்றாய்.

மரம் கூரையைத் தாண்டி வளர்ந்தது. பாப்பாவும் ஓடித் திரிந்தாள். ஒருநாள் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது, "மச்சான், ஓடி வா. மரத்துக்குப் பட்டை நோவு" என்று கூப்பிட்டாய். வந்து பார்த்தால், பட்டை நார் நாராக உரிந்து தொங்குகிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் பால்மரம். அதில் பட்டை போனால் பிழைப்பே போச்சு. ஆளுக்கொரு உளி எடுத்துச் சுரண்டினோம், பால்மரப் புண்ணுக்குப் பூசுகிற தாரை அடிமுதல் கையெட்டும் உயரம்வரை அப்பினோம். நடுநடுவே ஓடிப்போய்ப் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். முகமெல்லாம் தார் அவளுக்கு.

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், இது வருஷா வருஷம் பட்டைய உதுக்கிற மரம்யா. நல்லா வளருதுன்னு அர்த்தம்." லயமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதாய். நானும் அழுதேன். தங்கச்சி செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அடுத்த உதிர்வில் தாரும் பட்டையோடு கழன்று விழுந்தது. அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சல் வந்து உன்னைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டே, "பாப்பாவுக்கு?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல, நல்லா வெளையாடுறா."

"பாத்தியா. மரம் வேல செய்யுது" என்று சிரித்தாய். எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற நான், "ஆமா மச்சான்" என்றேன். மறுநாள் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

பிற்பாடு சதுப்பில் கால்வாய் வெட்டி எண்ணெய் ஊற்றினார்கள், காய்ச்சல் அடங்கியது. மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று டிரஸ்ஸரே சொன்னார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

உன் மகளை நான்தான் வளர்த்துக் கட்டிக் கொடுத்தேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். போன வாரம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, அந்த மரந்தான் எனக்குக் காய்ச்சல் வராமத் தடுத்துச்சுன்னு அப்பா சொன்னாராமே. நெசமா?"

ஊரில் எவன் கேட்டிருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பான். அவளிடம் சொன்னேன்:

"நெசந்தான் தாயி. உனக்குன்னு வளத்த மரம். உனக்கு மட்டுந்தான் வேல செஞ்சுது."