வலது குமிழ் விளக்கு

தன் எலக்ட்ரீஷியன் கணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று இந்த வீட்டு அம்மணி நேற்று சபதம் போட்டார். ஆகவே இது ஃபிரிட்ஜ் கதவுக்கு எழுதிய சீட்டு. எலக்ட்ரீஷியன் யாராவது தற்செயலாகப் படித்தால் அது அவர் பாடு.

நேற்று அந்த எலக்ட்ரீஷியன் சால்மன் மீனை ஓவனில் வைத்தார். உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இங்க வந்து பாரேன், எப்படிப் பொன்னிறமா வருது!" என்று அம்மணியை இரண்டு தடவை கூப்பிட்டார். வெளியே எடுத்தால் மீன் பச்சையாகவே இருந்தது. உடனே என்ன சொன்னார்? "நீ வாங்கின மீன்தான் சரியில்ல."

அம்மணி கடையைப் பூட்டிவிட்டு வர எட்டு மணி ஆகும். புதுமீன் இரண்டு துண்டு டப்பாவில் இருக்கிறது. தேனும் சோயா சாஸும் பூண்டும் கலந்தது பக்கத்துக் கிண்ணத்தில். ஏழரைக்கு ஓவனின் இடது குமிழை இருநூறு டிகிரிக்குத் திருப்ப வேண்டும். வலது குமிழ் விளக்கு. இன்னொரு தடவை: வலது குமிழ் விளக்கு. ஓவன் நன்றாகச் சூடானதும், கலவையை மீன்மேல் தடவிப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் போதும்.

இந்தச் சீட்டின் பின்பக்கம் "மீன்மேல் தப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சபதம் முடியும். அதுவரை அம்மணி வாய் திறக்கமாட்டார்.

மறந்துவிட்டது: கிண்ணத்தில் விரல் விட்டு நக்கக் கூடாது. அளவு அம்மணிக்குத் தெரியும்.

ட்ரே ரொம்பச் சுடும், வெறுங்கையால தொட்டுடாதீங்க. கையுறை மேல் டிராயர்ல இருக்கு. இது பேசினதுல சேராது.