உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

இன்று காலை நெரவியில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் போன் டிங்கென்றது. ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு ஒலியாகக் கேட்டுத் தள்ளி, நீயும் நானும் தேர்ந்தெடுத்தோமே, அந்த ஒலி. எடுத்துப் பார்த்தேன். நாம் செய்த, படம் பகிரும் செயலியில் உன் பெயர் மேலே வந்து நின்றது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. கீழே ஒரு வரி: ‘உங்கள் தோழி நீண்ட நாளுக்குப் பின் வந்திருக்கிறார். வரவேற்கலாமே!’ அந்த வரியை எழுதியவள் நான்தான். உன்னைப் புதைத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

பொய் சொல்லமாட்டேன், முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது ஒரு நொடிதான். அந்தப் புள்ளி எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்திருந்தது.

நம் செயலி முதலில் ஐபோனில் மட்டும்தான் ஓடியது. பிரான்சில் இருக்கும் காரைக்கால்காரர்கள் கையில் அதுதானே இருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, இங்கே ஊரில் ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள், “எங்களுக்கு எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவே கேட்டார். மாங்கனித் திருவிழாவுக்கு முன்னால் ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று முதலாளி நாள் குறித்துவிட்டார். நிரல் எழுதுவது நான், சோதித்துக் குறை சொல்வது நீ.

ஐபோனில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். அது நம் ஊருக்குச் சரிப்படாது என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவர் போன் விற்ற கடைக்காரர். கடவுச்சொல் அவருக்கும் ஞாபகமில்லை. நெரவியில் பாதிப் பேர் கதை அதுதான். அதனால் ஆண்ட்ராய்டில் செல்பேசி எண் ஒன்றே போதும் என்று வைத்தேன். எண்ணைப் போட்டால் ஆறு இலக்கம் வரும், அதைத் தட்டினால் திறந்துவிடும். முதலாளி கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் பேனாவை மோவாயில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய்.

சோதனைக்கென்று புது சிம் ஒன்று வாங்கி வந்தாய். மூன்றாம் நாள் சாயங்காலம் அதற்கு ஓர் அழைப்பு. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. எவனோ பொறுக்கி என்று நான் போனைப் பிடுங்கித் திட்டித் தீர்த்தேன். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அன்று நீ எடுத்து, “யாருங்க, சொல்லுங்க” என்று பொறுமையாகக் கேட்டாய். வயதான ஓர் ஆண் குரல். “இது எம் மவன் நம்பரும்மா. விழிதியூர்லேருந்து பேசுறேன். அவன் போயி வருசம் ஆவுது. எடுக்கமாட்டான்னு தெரியும். மணி அடிக்கிறதயாவது கேப்பமேன்னு போடுவேன். இப்ப நீங்க எடுக்குறீங்க.”

நீ போனை மேசையில் கவிழ்த்து வைத்தாய். “அந்தப் புள்ள நம்ம ஆப்புல இருந்திருந்தா, இப்ப நான் அவன் வூட்டுக்குள்ள நிக்கிறேன்டி. பொட்டியெல்லாம் தொறந்து கெடக்கு” என்றாய். உன் குறை நோட்டில் கடைசி வரியாகச் சிவப்பு மையில் எழுதினாய்: எண் கை மாறினால்?

எனக்கு எரிச்சல். திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. “செத்தவங்களுக்காகவாடி ஆப் செய்றோம்? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்” என்றேன்.

“நம்பரு ஆளோடது இல்லடி, கம்பெனியோடது. ஆளு போனா வேற ஆளுக்குக் குடுத்துருவான்.”

“பாத்துக்கலாம்னு சொல்றேன்ல?”

செயலியை வெளியிடலாம் என்று நீ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை. என் முகத்துக்காகப் போட்டாய்.

அந்த வருடம் மாடிமாடியாக நின்று மாம்பழம் இறைத்தவர்கள், மறுகையால் படம் எடுத்து நம் செயலியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. புதுப்புது வண்ணமெல்லாம் சேர்த்தோம். சிவப்பு மை வரி நோட்டிலேயே கிடந்தது. பிறகு போலகத்தில் இறந்துபோன ஒருவர் பெயரில் யாரோ முன்பின் தெரியாத ஆளின் படம் வந்து, அவர் மனைவி மயங்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டோம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். திட்டியிருந்தால் தேவலாம். அதற்குள் முதலாளி செயலியைச் சென்னையில் யாருக்கோ விற்றுவிட்டார், நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. புதுச்சேரியில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் ஒவ்வொரு முறையும், குளியலறைக் கண்ணாடி முன் நின்று உன்னையே படம் எடுத்து, செயலிக்குள் பூட்டிய பெட்டியில் போட்டு வைத்தாய். மொட்டைத் தலை, அறுத்துத் தைத்த மார்பு, ஒட்டிப்போன கன்னம். “என் உடம்போட பக் லிஸ்ட்டுடி, கொறை நோட்டு” என்று சிரித்தாய். என்னைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. பூட்டு என்று பேர்தான், அதற்கும் சாவி அதே எண். கடைசி வாரம் உன் போனை என் கையில் வைத்துச் சொன்னாய்: “நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் அழிச்சிரு. எங்கம்மா பாத்தா தாங்காது. ஊரான் பாத்தா எனக்குத் தாங்காது.” நான் தலையாட்டினேன்.

அழிக்கவில்லை. ஒருநாள் திறந்தேன். கண்ணாடிக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். மூடிவிட்டேன். அடுத்த மாதம் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எண் உயிரோடு இருந்தால் யாரும் உள்ளே வர முடியாதே என்று, அதற்குப் பதிலாக மாதாமாதம் உன் சிம்முக்கு ரீசார்ஜ் செய்தேன். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் உன் போன் சார்ஜ் இறங்கி அலமாரிக்குள் கிடந்தது. ரீசார்ஜ் செய்யச் சொல்லி எத்தனை குறுஞ்செய்தி வந்ததோ. அணைந்து கிடக்கும் போனுக்கு வந்து யாருக்கு என்ன பயன்?

உன் எண் வேறு கைக்குப் போய்விட்டது, அதனால்தான் இன்று அந்தப் புள்ளி. புது ஆள் நுழைந்ததும் பழைய போனை வெளியே தள்ளிவிடும்படி எழுதியதும் நான்தான். பேருந்திலிருந்தே சென்னைக்கு எழுதினேன், இந்தக் கணக்கை உடனே மூடுங்கள் என்று. உடனே பதில் வந்தது: ‘கணக்கிலுள்ள எண்ணுக்கு வந்துள்ள ஆறு இலக்கத்தை அனுப்பவும்.’

காரைக்காலில் இறங்கி, நின்ற இடத்திலேயே உன் எண்ணை அழைத்தேன். மணி அடித்தது. “அலோ?” என்றது ஓர் ஆண் குரல். என் மூச்சு எனக்குக் கேட்டது.

“யாருங்க? சொல்லுங்க.”

“இது... எங்கூட்டாளி நம்பருங்க. அவ இல்ல இப்ப.”

“இந்த ஆப்புல மொட்டைத் தலையோட நிக்கிறாங்களே, அவங்களாங்க? தங்கச்சி போடச் சொல்லுச்சேன்னு இப்பதாங்க போட்டேன். தொறந்தா இவங்க படமாவே வருது. ஒரு மாதிரியா இருக்குங்க. அழிச்சிரவாங்க?”

யாரோ ஒரு நல்ல மனிதர். ஆமாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீ கேட்டது நடந்து முடிந்திருக்கும். ஆனால் உன் சிரிப்பு வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும்தான் இருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது, “கொஞ்சம் இருங்க.”

“சரிங்க” என்றார். இணைப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை. அலுவலகத்தில் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் சிம் வீட்டு அலமாரியில், உன் போனுக்குள்ளேயே கிடக்கிறது. இனி அது எதற்கும் ஆகாது, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. போனை, நீ அன்று வைத்தாயே, அதேபோல மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இப்போது ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இன்னும் எரிகிறது.