சட்டை ஓரத்தில் நான்கு எழுத்து

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் கையும் காலுமாக, வாயும் வம்புமாக நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் எங்களைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும். எப்போதும்போல நான் சொல்லச் சொல்ல சின்னவள் எழுதுகிறாள், முடித்ததும் முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும், அதைக் காதால் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுவேன், இந்தச் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளை அனுப்பிய படம் போனில் வந்தது. தலையில் குல்லா, காலில் ஏதோ ஒயர், நடுவில் நாம் தைத்து அனுப்பிய வெள்ளைச் சட்டை. எனக்கு முகம்தான் தெரிந்தது, மூக்கு அப்படியே உன்னுடையது, கோபம் வந்தால் விடைக்கப்போகிற மூக்கு. சின்னவள் முதலில் பார்த்தது முகத்தை இல்லை, சட்டையின் கீழ் ஓரத்தை. இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பாரடி என்றால் தையலைப் பார்க்கிறாயே, பிழைப்புப் புத்தி எங்கே போகும் என்று திட்டினேன். இவள் எப்போது பதில் சொன்னாள், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பிறந்தவள். இதையும் எழுதடி என்றேன், எழுதுகிறாள்.

நீ என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள். மாப்பிள்ளை பேசுகிறார், இல்லை என்று சொல்லவில்லை. அவள் தூங்குகிறாள், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையிடம் போயிருக்கிறாள், இப்போதுதான் படுத்தாள் என்று தினமும் ஒரு காரணம் சொல்கிறார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், ஒரே காரணத்தை அடுத்தடுத்த நாள் சொல்லி மாட்டிக்கொள்கிறார். பார்சல் கைக்கு வந்தது என்று சொன்னாரே, அந்த நாளிலிருந்துதான் நீ பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்லு. என் மேல் கோபம் என்றாலும் சொல்லு, தாங்கிக்கொள்வேன். பிரசவத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் போனது என் குற்றம்தான். ஏழு வாரம் முன்னாலேயே வந்து குதிக்கும் என்று யார் கண்டது, கடைசி மாதத்துக்கு டிக்கெட் எடுத்துப் பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். அப்படியும் ஒரு தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டாமா, நீயும் அப்படித்தானே வந்தாய். போனில் எனக்கு சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச்சு வராது, அதனால்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

நீ பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோ. உனக்குப் போட ஒரு சட்டை கிடைக்கவில்லை. துணிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, பொம்மைச் சட்டை விற்கிற கடையில் கேளுங்கள் அம்மா என்றார், கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வழி சொன்னார். ஐந்தாம் நாள் உன்னை என் துண்டின் மேல் கிடத்தி, தலை எங்கே, தோள் எங்கே, பாதம் எங்கே என்று பென்சிலால் கோடு போட்டு அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கோட்டின் மேல் ஒரு துணிப்பொம்மை தைத்தேன். அப்பா பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கொட்டினார், நான் திணித்தேன், எடை சரியாக வர அடியில் கொஞ்சம் மணலும் போட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பாத அந்த நாட்களில் மடியில் அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டுதான் உன் முதல் சட்டையைத் தைத்தேன். அதற்கு முன்னால் எனக்குப் பித்தான் மட்டும்தான் தைக்கத் தெரியும். இன்றைக்கு அலமாரியில் வரிசையாக நாலு பொம்மை உட்கார்ந்திருக்கிறதே, ஊரெல்லாம் பிள்ளை பெற்றவர்கள் நம்மிடம் வருகிறார்களே, எல்லாம் உன் அளவிலிருந்து ஆரம்பித்ததுதான். சின்னவள் பிறந்தபோது மூன்றே முக்கால் கிலோ, உன் பொம்மையும் அவளுக்கு ஆகவில்லை, அடுத்த பொம்மையும் ஆகவில்லை, மூன்றாவது தைக்க வேண்டியதாயிற்று. பேர் மட்டும் சின்னவள்.

எதிர்வீட்டுக்காரி உன்னை முதல்முதலாகப் பார்த்துவிட்டு, என்ன இப்படி நோஞ்சானாக இருக்கிறது என்றாளே, அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மறுநாளும் சொன்னாள், நீ நடக்க ஆரம்பித்த பிறகும் சொன்னாள், நீ மண்ணில் உட்கார்ந்துகொண்டு அம்மா நான் நோஞ்சானா என்று கேட்ட அன்றைக்கு நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து போனதால் கையில் கத்தரி இருந்தது, நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். அத்தோடு அந்த வார்த்தை நம் தெருவிலேயே ஒழிந்தது. கடுகு சிறுத்தாலும் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களைக்கூட நான் விடவில்லை, என் பிள்ளை கடுகும் இல்லை மிளகும் இல்லை என்றேன். பொடிசு, குட்டி, இத்துனூண்டு, இவ்வளவுதான் நம் வீட்டில் உனக்கு. இப்போது உன் மகளுக்கும் அந்தப் பழைய பொம்மையை எடுத்துத் தூசி தட்டி, அதன் மேல் போட்டுப் பார்த்துத்தான் நாலு சட்டை தைத்தேன். இருபத்தாறு வருஷம் ஆகியும் கழுத்து அளவு ஒரு நூல் மாறவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தோல் மெல்லிசு, லேபிள் உள்ளே உறுத்தும், வெளியே கீழ் ஓரத்தில் மூலைக்கு ஒரு தையலாகப் போடுங்கள் என்று உன் காலத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை மாற்றவில்லை. லேபிள் வேலை இவளுடையது, நீ விட்டுப்போன இங்கிலீஷ் அகராதியும் இவளிடம்தான். ஸ்மால் என்று போடாதே, கடைச்சரக்கு மாதிரி இருக்கும், நம் பிள்ளைக்கு அதைவிடச் சிறியதாக நல்ல வார்த்தை ஒன்று பார்த்துப் போடு என்றேன். என்னவோ போட்டாள். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, தையல் நேராக இருந்தது. இரு, பட்டன்காரர் வாசலில் வந்து கூப்பிடுகிறார், பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்கா, இது நான். அம்மா வாசலில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், பேரம் முடிய நேரமாகும். படத்தில் நான் பார்த்தது லேபிள் இருந்த இடத்தை. நான்கு மூலையிலும் ஊசித் துளை மட்டும் இருந்தது. கத்தரியால் வெட்டிப் பிய்க்கவில்லை, துணி இழுபடாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்திருந்தது. அப்படிப் பிரிக்க நம் வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் வரும், அதனால் நீதான் என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. அகராதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அந்த வார்த்தையைத் தேட எனக்கு மூன்று நாள் ஆனது அக்கா. ஷார்ட் என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் உன்னை வரிசைக்கு முதலில் நிறுத்துவார்கள் என்று நீ சொன்னது நினைவிருந்தது, அதனால் அது வேண்டாம். மினி என்றால் பஸ். டைனி நன்றாக இருந்தது, ஆனால் நம் பட்டன் டப்பாவின் மேல் அதுதான் எழுதியிருக்கிறது, அக்காவின் பிள்ளை என்ன பட்டனா என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது லிட்டில்தான். நீ ஊருக்குப் போகிற அன்று என் நோட்டின் முதல் பக்கத்தில் லிட்டில் சிஸ்டர் என்று எழுதிக் கொடுத்தாய். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது எல்லா நோட்டையும் எடைக்குப் போட்டார்கள், அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். அந்த வார்த்தை என்னுடையது என்று நினைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை. உண்மை அதுதான். பிறகு ப்யூனி என்ற வார்த்தை கண்ணில் பட்டது. மிகச் சிறிய என்று முதல் வரியில் போட்டிருந்தது. நான்கே எழுத்து, கடைசி எழுத்தின் வால் கீழே வளைந்து வரும், நீல நூலில் தைத்தால் அழகாக இருக்கும். யார் வாயிலும் கேட்டதில்லை, அதனால் புதுத் துணி மாதிரி யாரும் கசக்காத வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் முதல் வரியோடும் நின்றுவிட்டேன். படம் வந்த அன்றுதான் இரண்டாம் வரியைப் பார்த்தேன். நோஞ்சான் என்று இருந்தது.

அந்த வார்த்தையை அம்மாதான் தெரிந்தே உனக்கு அனுப்பியதாக நீ நினைத்திருப்பாய். அம்மாவுக்குத் தெரியாது அக்கா. அவள் டிக்கெட்டை எடுத்து எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் வைக்கிறாள். அடுத்த பார்சலுக்கு ஆறு சட்டை தயாராக இருக்கிறது, அதிலும் அதே வார்த்தையைத் தைத்து வைத்திருக்கிறேன், படம் வருவதற்கு முன்னால் தைத்தது. வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை, அவள் தாளை வாங்கிப் பார்க்க மாட்டாள். எழுத ஆரம்பிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். வருகிறாள்.

பட்டன்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வெள்ளையென்று சொல்லிப் பாதி மஞ்சளைக் கலந்துவிடுவார், அதற்குத்தான் நேரமாயிற்று. எங்கே விட்டேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பட்டறையில் முகமூடி போடச் சொன்னால் மீசை கலைகிறது என்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளையைப் பார்க்கப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, மாப்பிள்ளையைத் தனியாகச் சமைக்க விடாதே, படத்தில் அவர் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. அவ்வளவுதான், வாசியடி என்றேன்.

வாசித்தேன் அக்கா. ஒரு வரி விடவில்லை. அம்மா பட்டனைப் பிரித்துக்கொண்டே கேட்டாள், நான் எழுதிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கேட்க இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, இதற்கா அந்த அர்த்தம் என்றாள். என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. கையிலிருந்த பட்டனை டப்பாவில் போட்டுவிட்டு, எழுது என்றாள்.

பெரியவளே, வாசலில் நின்று நான் விரட்டிய வார்த்தை இங்கிலீஷ் சட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்திருக்கிறது, அதற்கு நானே பார்சல் கட்டி நூலும் சுற்றியிருக்கிறேன். நீ பிரித்துப் போட்டது சரி. என்னிடம் கேட்காமல் இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாயே, அது சரியில்லை. சின்னவளைத் திட்டுவதென்றால் போன் பண்ணித் திட்டு, எழுத்தில் வேண்டாம், அதையும் அவள்தான் எனக்கு வாசிக்க வேண்டியிருக்கும். உன் குரலைக் கேட்ட மாதிரி எனக்கும் இருக்கும். டிக்கெட்டை மாற்றிவிடு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், முதலில் கிடைக்கிற நாளில் வருகிறேன், பொம்மையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன். உன் மகள் அந்தப் பொம்மையைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி, நான் தைக்கிற எந்தச் சட்டையும் பற்றாமல் வளரட்டும், நீயும் மாப்பிள்ளையும் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரிக்க வேண்டும், நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, வெள்ளைச் சட்டையை வெந்நீரில் போடாதே, சுருங்கும்.

உன்
அம்மா

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆறு சட்டையிலும் லேபிளைப் பிரித்தேன். துளையின் மேல் ஈரத்துணியை வைத்து நகத்தால் மெதுவாகத் தேய்த்தால் மூடிக்கொள்கிறது, உன்னிடம் இருக்கிற சட்டையையும் அப்படிச் செய். பிறகு நீ எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேசையில் வைத்து, உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஆறிலும் லிட்டில் என்று தைத்தேன்.