சாதிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியவருக்கு

என் நைனாவுக்கு,

நலமா என்று கேட்பதா? போனவர்களிடம் அப்படிக் கேட்கலாமா, தெரியவில்லை. கை பழக்கத்தில் அதைத்தான் எழுத வருகிறது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரை போடச் சொன்னால், “என்னை அதட்டறதுக்குத்தான் டாக்டருக்குப் படிச்சியா?” என்கிறாள். மற்றபடி அவளும் நலம்தான்.

இப்போது மத்தியானம். ஹவுஸ் சர்ஜன்கள் அறையில் ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம். டூட்டி முடித்து வந்து கட்டிலில் சாய்ந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கண்ணைத் திறந்தால் எதிர் நாற்காலியில் நீ. செக்யூரிட்டி சட்டை, தொப்பி மடியில். ஒன்றும் பேசவில்லை. உயிரோடு இருந்தபோதே வாய் திறக்காத ஆள், இப்போது வந்து பேசிவிடப் போகிறாயா என்ன? நான்தான் பேச வேண்டும்.

போன வாரம் ஏகாம்பரம் மாமாவைப் பார்த்தேன். உன்னோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கிய அதே மாமாதான். அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒரு தடவை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே எது நடந்தது, எது கனவு என்று சில சமயம் குழம்புகிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் லேப் டெக்னீஷியன். நீ தங்கவயல் சுரங்கத்திலிருந்து உடம்பு முடியாமல் வெளியே வந்து, எங்களையும் பெங்களூருக்குக் கூட்டிவந்து, நாலு தெரு தள்ளி ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி கேட்டில் நின்றுகொண்டிருந்தாய். நான் ரத்தம் எடுப்பேன், ஸ்லைடு பார்ப்பேன், ரிப்போர்ட்டை டாக்டர் மேசைக்கு அனுப்புவேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒருநாள் நீயே இருமிக்கொண்டு வந்து நின்றாய். உன் சளியை நான்தான் பார்த்தேன். டி.பி. கிருமி இல்லை என்று எழுதினேன். கிருமி இல்லாதவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? அதைக் கேட்கத் தெரிந்தவளாக ஆக வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் பட்டது.

மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை வாங்கி வந்து உன் முன்னால் வைத்தேன். “இந்த வயசுலயா?” என்று அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாய். சாதி கேட்கிற கட்டம் வந்ததும் உன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

உன் பாட்டன் காலத்தில் தங்கவயல் மாரிக்குப்பத்தில் பௌத்தத்துக்கு வந்த குடும்பம் நம்முடையது. நம் ஆட்கள் எந்தப் படிவத்திலும் சாதியை எழுத மாட்டார்கள். நீயும் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரிடம் ‘இல்லை’ என்றாய். அவரும் கன்னடத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். மதம் பௌத்தம், ஜாதி இல்லை. அந்தச் சர்டிபிகேட்டை எங்கே நீட்டினாலும் கிளார்க்குகள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

ஆனால் இந்த முறை அந்தக் கட்டம் குறுக்கே நின்றது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவளுக்கு என்ன ரேங்க் வரும் என்று எனக்குத் தெரியும். பொதுப் பிரிவில் அந்த ரேங்குக்கு இடம் இல்லை. எஸ்.சி. பிரிவில் இருந்தது. பௌத்தர்களுக்கும் அந்த உரிமை உண்டென்று சட்டம் வந்தாகிவிட்டது. ஆனால் அதற்குத் தாசில்தார் சர்டிபிகேட் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பதிவில் ‘இல்லை’ என்று இருப்பதால், தகப்பன் நேரில் வந்து இன்ன சாதி என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுக்க வேண்டும்.

அதை உன்னிடம் எப்படிக் கேட்பது? ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஏதோ உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டேன். நீ தட்டில் கையைக் கழுவிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டாய். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “பெரிய கொள்கை. பொண்ணு வாழ்க்கைய விடவா பெருசு?” என்று அம்மாவிடம் கத்தினேன். அது உன் காதில் விழுந்ததா நைனா? நீ வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் நீ இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றாய். “கெளம்பு, ரயிலு போய்டும்” என்றாய். அவ்வளவுதான்.

தங்கவயல் தாலுகா ஆபீசுக்குப் போன அந்தப் பயணம் எனக்கு இன்றைக்கும் கனவாகத்தான் நினைவிருக்கிறது. பனி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகள் மட்டும் வெள்ளையிலிருந்து வந்து வந்து போயின. எல்லோரும் வேலைக்காகப் பெங்களூருக்கு வருகிற நேரத்தில் நாம் இரண்டு பேரும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாய். பிரார்த்தனை என்று நினைத்தேன். சொல்லப்போகிற வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது.

சாட்சிக் கையெழுத்துக்கு ஏகாம்பரம் மாமா வந்திருந்தார். தாலுகா ஆபீஸ் வாசலிலேயே என்னிடம், “நீ போய் டீ சாப்ட்டு வா பாப்பா” என்றாய். நான் போகவில்லை. ஜன்னலோரம் நின்றேன்.

“ஜாதி யாவுது?” என்று கிளார்க் கன்னடத்தில் கேட்டார். நல்ல மனுஷர்தான். குரலில் ஒரு குத்தலும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை கேட்டார். நீ மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாய்.

“ஆதிதிராவிடர்” என்றாய்.

எனக்குத் தெரிந்து உன் வாயிலிருந்து ஒரு சாதிப் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். குரல் உன்னுடையதாகவே இல்லை. அவர் காட்டிய இடத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டாய். வெளியே வந்து என்னைப் பார்த்ததும், “டீ சாப்ட்டியா?” என்றாய். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். ரயிலில் திரும்பி வரும்போது என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாய். எனக்கு அன்று சந்தோஷம் நைனா. அதை மறைக்க விரும்பவில்லை. உன் தலை என் தோளில் கனத்துக்கொண்டிருந்தபோது நான் மனசுக்குள் வெள்ளைக் கோட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு அறையில் என்னைச் சுற்றி எல்லாம் சின்னப் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து நின்று, “மிஸ், நான் பாத்ரூம் போகலாமா?” என்று என்னிடம் கேட்டாள். சூபர்வைசர் என்று நினைத்துவிட்டாள். நீயும் அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தீர்கள். பிறகு கவுன்சலிங். கூடத்துக்குள் என் பெயரைக் கூப்பிட்டதும், இந்த ஊர்லயே ஒரு அரசுக் கல்லூரி என்று நான் சொன்னதும், ஒரு காகிதம் கைக்கு வந்ததும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி சத்தமில்லாமல் இருக்கிறது. வெளியே மரத்தடியில் நீ நின்றிருந்தாய்.

“கெடச்சிதா?”

“கெடச்சிது நைனா.”

நீ தலையை ஆட்டினாய். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாய். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய். வீடு வரைக்கும் அப்படியே வந்தாய்.

கல்லூரியில் “நீ கோட்டாவா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருவன் அனாடமியில் தவறி, என் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. இரண்டாம் வருஷம் உன் எக்ஸ்ரேயைப் பார்த்து, உன் மூச்சைத் தின்றது சுரங்கத்துத் தூசி என்று நானே உனக்கு விளக்கிச் சொன்னேன். “அது எனக்கு எப்பவோ தெரியுமே” என்றாய். அடுத்த மாதம் நீ இல்லை.

இப்போது ஏகாம்பரம் மாமா விஷயம். போன வாரம் ஓ.பி.யில் இருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டெத்தை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சோதித்து முடித்ததும், “பௌர்ணமிக்கு விகாரத்துக்கு வாம்மா. உங்கப்பாதான் கடைசி வரைக்கும் வரல” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பௌர்ணமி தவறாமல் மாரிக்குப்பம் விகாரத்துக்குப் போகிறவன் நீ. பிற்பாடு நின்றுவிட்டாய். மூச்சு முட்டுகிறது, ரயிலில் உட்கார முடியவில்லை என்றாய். நானும் பெரிய டாக்டர் தோரணையில் உனக்குத் தலையணையை உயர்த்தி வைத்தேன்.

“அப்படியா சொன்னாரு?” என்றார் மாமா. “அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்ட மாசத்துல இருந்தே வரலம்மா. நேர்ல போய்க் கூப்ட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? ‘அஞ்சு சீலம் சொல்லும்போது நாலாவது வந்தா எனக்கு வாய் வராது ஏகாம்பரம். நான் எழுதிக் குடுத்தது பொய்யா, இத்தினி வருசமா சொன்னது பொய்யா, தெரியல’ன்னாரு. நானும் சாட்சி போட்டவன்தான். நான் போய்க்கினுதான் இருக்கேன். அவரால முடியல.”

நாலாவது சீலம், பொய் சொல்ல மாட்டேன் என்பது. விகாரத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற ஐந்தில் அது ஒன்று. சின்ன வயதில் உன் மடியில் உட்கார்ந்து நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல் நீ அங்கே போவதையே விட்டுவிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் கேட்டிருக்க வேண்டும். என் சீட்டுக்காக நீ எதைக் கொடுத்தாய் என்று ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு நைனா.

உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். இரண்டும் பொய்யில்லை. நமக்குச் சாதி இல்லை என்று நீ சொன்னது, நீ யார் என்பது. அந்தக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தது, மற்றவர்கள் நம்மை என்ன செய்தார்கள் என்பது. கிருமி இல்லை என்று நான் எழுதியபோதும் உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வியாதியின் பெயரைச் சொன்னதால் நீ வியாதியாகிவிடவில்லை.

இந்த வருஷம் தங்கவயலில் நாம் குடியிருந்த சுரங்க லைன் வீடுகளிலிருந்து மூன்று பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதுகிறார்களாம். மூன்று பேருக்கும் பள்ளிக்கூடத்துப் பதிவில் ‘இல்லை’தான். அப்பாக்கள் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகள் உள்ளுக்குள் அழுகிறார்கள் என்று மாமா சொன்னார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் பௌர்ணமி அன்று காலையில் அந்த மூன்று அப்பாக்களோடும் தாலுகா ஆபீசுக்கு நானும் போகிறேன். யாரும் என்னை டீ குடிக்க அனுப்ப முடியாது. அவர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.

கையெழுத்து ஆனதும் ஒருவரையும் வீட்டுக்குப் போகவிட மாட்டேன். நேராக விகாரத்துக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பேன். நாலாவது சீலம் வரும்போது அவர்கள் வாய் திறக்கிற வரைக்கும் நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை எனக்காக, இன்னொரு தடவை உனக்காக. இது சத்தியம்.

உன் மடியில் உட்கார்ந்து சீலம் சொன்ன மகள்,
கௌதமி