நீங்கள் அனுப்பிய ஃபிலிம்

மரக்காணம்,
அக்டோபர் 18

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள உங்களுக்கு ஜெனிதா எழுதுவது.

அத்தை சௌக்கியம். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் கோட்டக்குப்பத்து அஷ்ரப் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நம் பிள்ளையைப் பற்றி நான் வாயெடுத்தால் நீங்கள் ஃபேக்டரிப் பேச்சுக்குள் போய்விடுகிறீர்கள். கல்லறைத் திருநாளுக்குள் அவளுக்குச் சிலுவை நட வேண்டும். அதில் எழுதப் பங்குச் சாமியார் பெயர் கேட்கிறார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் பேசியது உப்பு பாக்கெட்டைப் பற்றி. எங்கள் பேக்கிங்கில் கவர் கிழிகிறது என்று எப்போதோ சொன்னேனாம். "கவர் பண்றவன் பிளாஸ்டிக்ல கால்சியம் தூளை ஜாஸ்தி கலந்திருப்பான், ரேட்டு குறையும்ல. பாக்க வெள்ளையா, விறைப்பா இருக்கும். சீல் நிக்காது, கீழ விழுந்தா வெடிச்சிடும்" என்றீர்கள். நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த போனில் டயாப்பர் ஃபிலிம், உங்கள் மிஷினில் ஓடும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதிலும் பாதிக்குப் பாதி அதே சுண்ணாம்புக்கல் தூளாம். மிஷினில் இழுத்ததும் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுமாம். அது வழியாக ஆவி போகும், தண்ணீர் போகாது. தூள் குறைந்தால் உள்ளே புழுங்கும், கூடினால் ஃபிலிம் கிழியும், கட்டி கட்டியாகச் சேர்ந்தால் ஒழுகும். பரீட்சை வைத்தால் நான் பாஸாகிவிடுவேன். உங்களுக்கு வேறு பேச்சு வரவில்லை என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை. எனக்கு இப்போது எதுவுமே வருவதில்லை.

உப்பளத்தில் சீசன் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. பேக்கிங் மேஸ்திரி கொளஞ்சியம்மாள் அக்கா என்னைச் சீல் போடும் மிஷினில் உட்கார வைத்திருக்கிறார். நின்று செய்ய உடம்பு இன்னும் ஒத்துழைக்கவில்லை. நீங்கள் சொன்னதை ஓனரிடம் சொன்னேன். கவர் நல்ல கனமாகத்தானே இருக்கிறது என்றார். தூள்தான் சார் கனம் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். கவர் இன்னும் கிழிகிறது.

பிரசவத்துக்கு முன்பு நீங்கள் அனுப்பிய டயாப்பர் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அத்தை. நான் விடவில்லை. "நானே ஓட்டின ஃபிலிம்டி. பாப்பாவுக்குப் போட்டுப் பாத்து லீக் ஆவுதான்னு சொல்லு" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

பிள்ளை இல்லை என்று பாலுக்கு யார் போய்ச் சொல்வது? அது பாட்டுக்கு வந்தது. ஜாக்கெட் நனைந்து வாசலுக்குக்கூட வர முடியவில்லை. ஒரு டயாப்பரை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். மாலை வரை அப்படியே இருந்தேன். ஒழுகவில்லை. புழுங்கவும் இல்லை. உங்கள் கலவை சரியாகத்தான் இருக்கிறது. இப்போது பாலும் நின்றுவிட்டது.

முகத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பேன் என்று சொன்னது நீங்கள். எனக்குத் துணைக்கு வந்த செல்வநாதன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அனுப்பிய போட்டோவை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. அதனால் திண்டிவனத்தில் பிரிண்ட் போட்டு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தூங்குகிற மாதிரிதான் இருப்பாள். நெற்றி உங்களுடையது. மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

ரூமில் தனியாக இருக்கும்போது பார்க்க வேண்டாம். அஷ்ரப் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லியிருக்கிறேன். பார்த்த பிறகு எனக்குப் போன் செய்யுங்கள். தூளைப் பற்றி வேண்டாம். அழுதாலும் சரி, நான் போனை வைக்க மாட்டேன். அவளைச் சொல்லி அழ எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

மாதா உங்களைத் தனியாக விடமாட்டாள்.

உங்கள்
ஜெனிதா